ஜிந்துப்பிட்டியின் கட்டுரைக் கொப்பிகள்

ஆடிவேல் விழா கொழும்புக்கு வந்த கதை வாந்திபேதியில் தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கதிர்காமத்துக்குப் போன அடியார்கள் கால்நடையாகவே போனார்கள். வழியில் கண்ட குளத்து நீரைக் குடித்தார்கள், மடங்களில் நெருங்கிப் படுத்தார்கள். அவர்களோடு வாந்திபேதியும் நடந்து போனது. ஆடி உற்சவம் முடிந்து திரும்பும் வழியெல்லாம் சாவு விழுந்தது. ஆங்கில அரசு 1870களில் யாத்திரைக்குக் கட்டுப்பாடு போட்டது. போக முடியாமற்போன கொழும்புச் சனம் அதற்காக முருகனை விட்டுவிடவில்லை. 1874இல் செட்டியார் தெருவிலிருந்து வேல் தேரேறிக் கொழும்பு வீதிகளில் வந்தது. கதிர்காமத்துக் கொடியேறும் அதே ஆடியில், பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் போய்த் தங்கித் திரும்பும் விழாவாக அது நிலைத்தது. 1983 கலவரத்துக்குப் பிறகு பல ஆண்டுகள் தேர் தெருவுக்கு வரவில்லை. பிறகு வந்தது.

என் வகுப்பில் சேரும் பிள்ளைகளுக்கு முதலில் இந்தக் கதையைத்தான் சொல்வேன். நான் ஜிந்துப்பிட்டியில் தமிழ் படிப்பிப்பவள். குறிப்பாகச் சொன்னால் கட்டுரை. உயர்தரப் பிள்ளைகளும் சாதாரணதரப் பிள்ளைகளும் பின்னேரங்களில் வருவார்கள். தேர் பார்க்கப் போகாத பிள்ளை எங்கள் பக்கத்தில் இல்லை. சர்க்கரைத் தண்ணீர்ப் பந்தலும் தெரியும், கரும்புக் கட்டும் தெரியும். அந்தத் தேர் ஒரு நோய்க்குப் பதிலாக ஊர் எழுதிய விடை என்று சொன்னால் மட்டும் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

இடத்தை அறியாதவர்களுக்காக: கொழும்பு 13. ஒரு பக்கம் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலும், பொன்னம்பல முதலியார் கட்டி அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் மீளக் கட்டிய பொன்னம்பலவாணேசர் கோயிலும். இன்னொரு பக்கம் நகைக்கடைகள் நிறைந்த செட்டியார் தெரு. மேட்டில் டச்சுக்காரரின் உல்வெண்டால் தேவாலயம். நடுவில் எங்கள் சிவசுப்பிரமணிய சுவாமி கோயில். ஆளுநர் பிரவுன்ரிக் காலத்தில், 1815இல், தமிழ்க் கிறிஸ்தவர்களுக்காக எழுந்த புனித தோமையார் தேவாலயமும் ஜிந்துப்பிட்டியில்தான் நிற்கிறது. 1902இல் தொடங்கிய விவேகானந்த சபை சற்று மேலே. அந்தச் சபை நடத்தும் சைவசமயப் பரீட்சை எழுதாத சைவப் பிள்ளை கொழும்பில் குறைவு.

கோயில்களையும் தேவாலயங்களையும் வரிசையாகச் சொல்லிவிட்டேன். வாழும் சனத்தைச் சொல்லாவிட்டால் இடம் விளங்காது. புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமிகள், துறைமுகத்துத் தொழிலாளர்கள், செட்டியார் தெருப் பட்டறைகளில் நகை செய்பவர்கள், நடைபாதை வியாபாரிகள், மாநகரசபைத் துப்புரவுத் தொழிலாளர்கள். பெரும்பாலானோர் தோட்டங்களில் இருக்கிறார்கள். கொழும்பில் தோட்டம் என்றால் மரம் செடி அல்ல. ஒடுங்கிய முடுக்கின் இரு பக்கமும் ஒட்டி ஒட்டி நிற்கும் ஒற்றையறை வீடுகள், எல்லோருக்கும் பொதுவான பைப், எல்லோருக்கும் பொதுவான கழிவறை. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அந்த ஒரே பைப்படியில் குடத்தை வைத்து வரிசையில் நிற்பார்கள். "வீட்டிலேயே தனித்திருங்கள், அடிக்கடி கை கழுவுங்கள்" என்று 2020இல் தொலைக்காட்சி சொன்னபோது, கை கழுவுவதற்கே வீட்டை விட்டு வெளியே வரவேண்டியிருந்த சனம் இது.

துறைமுகம் அருகில் இருந்தபடியால் எங்களுக்குப் பிழைப்பு வந்தது, நோயும் வந்தது. 1914இல் வந்த பிளேக்கைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். எங்கள் தெருக்களின் நடையையே மாற்றிய நோய் அது. ஆனால் என் வகுப்புக்கு வந்து சேரும்போது எங்கள் பிள்ளைகளில் ஒருவருக்கும் அது தெரியாது.

இலங்கை அப்போது தான் உண்ணும் அரிசியில் பெரும் பங்கைக் கடல் கடந்து வாங்கியது. ரங்கூனிலிருந்தும் இந்தியத் துறைமுகங்களிலிருந்தும் வந்த மூட்டைகள் செட்டியார் தெருவிலும் அதையடுத்த தெருக்களிலும் அடுக்கப்பட்டன. கீழே அரிசி, மேலேயும் பின்னாலேயும் மனிதர்கள். மூட்டையைத் தூக்குபவன் மூட்டைக்குப் பக்கத்திலேயே படுத்தான். 1896இல் பம்பாயில் தொடங்கிய பிளேக், இந்தியாவை லட்சக்கணக்கில் கொன்றுகொண்டே 18 ஆண்டுகள் இலங்கையைத் தொடாமல் இருந்தது. 1914 ஜனவரியில் கொழும்பில் முதல் நோயாளியைக் கண்டார்கள். முதலில் எலிகள் செத்தன. பிறகு அரிசிக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள்.

அந்தக் காலத்தில் கொழும்பு மாநகரசபையில் நுண்ணுயிர் ஆய்வாளராக இருந்தவர் எல். எஃப். ஹர்ஸ்ட். ஊரெங்கும் எலி இருக்க, பிளேக் ஏன் அரிசிக் களஞ்சியங்களைச் சுற்றியே நிற்கிறது என்ற கேள்வியை அவர் விடாமல் துரத்தினார். எலிகளைப் பிடித்து, அவற்றின் உடலிலிருந்த தெள்ளுப்பூச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து இனம் பிரித்தார். கொழும்பு எலியின் வழக்கமான தெள்ளு ஓர் இனம், அது பிளேக்கை மனிதருக்குக் கடத்துவதில் வலுவில்லாதது. களஞ்சியப் பகுதி எலிகளில் இன்னோர் இனமும் இருந்தது. அதுதான் இந்தியாவின் பெரும் பிளேக்கைப் பரப்பிய தெள்ளு. தானிய மூட்டைகளோடு கப்பலேறி வந்து எங்கள் பக்கத்தில் குடியேறியிருந்தது. உலகத்தின் பிளேக் ஆராய்ச்சியில் இது பெரிய கண்டுபிடிப்பு. ஹர்ஸ்ட் பின்னாளில், 1953இல், பிளேக்கை வென்ற வரலாற்றைப் பெரிய நூலாகவே எழுதினார்.

இந்தக் கண்டுபிடிப்பை நான் மதிக்கிறேன். "ஊத்தையான சனம், அதனால் நோய்" என்று சொல்லிவிட்டுப் போவது மிக எளிது. அன்று பலர் அப்படித்தான் சொன்னார்கள், 2020இலும் சொன்னார்கள். ஹர்ஸ்ட் தெள்ளுப்பூச்சியை எண்ணினார். குற்றம் மனிதரின் குணத்தில் இருந்து மூட்டையை வைக்கும் இடத்துக்குப் போனது. அரிசியை மனிதர் குடியிருப்பிலிருந்து பிரிக்கவேண்டும் என்று முடிவானது. ஆளுநர் ரொபர்ட் சால்மர்ஸின் பெயரில் சால்மர்ஸ் தானியக் களஞ்சியங்கள் எழுந்தன. அரிசி வியாபாரம் செட்டியார் தெருவை விட்டு நகர்ந்தது. இன்று அந்தத் தெருவில் தங்கம் மின்னுகிறது. நகை வாங்கப் போகிறவர்கள் ஒருமுறை அந்தக் கட்டடங்களுக்கிடையில் நின்று, இங்கே கூரை முட்ட அரிசி இருந்தது என்று நினைத்துப் பார்க்கலாம்.

பிளேக் உடனே போய்விடவில்லை. சில ஆண்டுகளில் தணிந்தும் சில ஆண்டுகளில் எழுந்தும் 1930களின் இறுதிவரை கொழும்பைச் சுற்றியது. நோயாளியை எடுத்துப் போவதும், வீட்டாரை வேறிடத்தில் அடைப்பதும், வீட்டை மருந்தடித்துக் கழுவுவதும் வழக்கமாயின. அதன் நடுவில் 1918இன் இன்ஃப்ளுவென்சாவும் கப்பலில் வந்து இறங்கி, துறைமுகத்திலிருந்து மலைநாட்டுத் தோட்டங்கள்வரை ஏறியது.

இதே காலத்தில்தான் எதிர்க்கரையில், இந்தியாவில், மண்டபம் முகாம். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் கப்பலும் ரயிலும் இணைந்தது 1914இல். அதற்கு முன் தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையில் இலங்கை அரசு ஒரு முகாம் வைத்திருந்தது. மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வேலைக்குப் பிடித்து வரப்பட்டவர்களை அங்கே நிறுத்திப் பார்த்துத்தான் கப்பலேற்றினார்கள். பிறகு அந்த வேலை மண்டபத்துக்கு மாறியது. அம்மைக்குக் குத்துவார்கள், துணிகளை ஆவியில் வேகவைப்பார்கள், நாட்கணக்கில் வைத்திருந்து காய்ச்சல் உண்டா என்று பார்ப்பார்கள். என் தாத்தா அந்த வழியாக வந்தவர். தோளில் இருந்த தழும்பைக் காட்டி, "இது மண்டபம்" என்பார். ஊர் பேரைச் சொல்வதுபோலச் சொல்வார். முகாமில் வேகவைத்துத் திருப்பிக் கொடுத்த வேட்டி சுருங்கிப்போயிருந்ததாம். புது நாட்டில் அந்தச் சுருங்கிய வேட்டியோடு கால் வைக்க வெட்கமாக இருந்தது என்பதை எனக்கு மட்டுமல்ல, கேட்ட எல்லோருக்கும் சொல்வார். 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, அதே மண்டபத்தில்தான் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட எங்கள் சனம் இறங்கியது. அதற்குப் பின் 1980களில் அகதிகளும்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். 1914 பிளேக்கைப் பற்றி மாநகரசபை அறிக்கைகள் உண்டு, அரசாங்கத்தின் ஆண்டறிக்கைகள் உண்டு, ஹர்ஸ்ட்டின் ஆய்வுகள் உண்டு. எல்லாம் ஆங்கிலத்தில். இறந்தவர்களை இனவாரியாக எண்ணி நிரல் போட்டிருப்பார்கள். அந்த நிரலில் ஓர் எண்ணாக இருப்பவன் தமிழன், கூலி, இந்தத் தெரு என்பது வரைக்கும் தெரியும். அவன் மனைவி வாசலில் நின்று என்ன சொன்னாள் என்பது இல்லை. மருந்தடித்தபோது நனைந்துபோன அரிசிப் பானையைப் பற்றி இல்லை. மூட்டை தூக்கியவன் எழுதப் படிக்கக் கற்காதவன். கொழும்பில் வீரகேசரி வந்தது 1930இல், தினகரன் 1932இல். தமிழ் நாளிதழ் எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தபோது பிளேக் தன் கடைசி ஆண்டுகளில் இருந்தது. தாத்தா வீட்டில் அந்த நாட்களைப் பற்றிய பேச்சு மிச்சம் இருந்தது. பேச்சு அவரோடு போய்விட்டது. நான் எழுத்து படிப்பிப்பவளாக ஆனதற்கு என்னால் சொல்ல முடிந்த காரணம் அந்த வேட்டிதான். அவர் சொல்லாமல் இருந்திருந்தால், மண்டபத்து முகாமில் ஒரு மனிதனுக்கு வெட்கமாக இருந்தது என்பதை எந்த அறிக்கையிலிருந்தும் நான் அறிந்திருக்க முடியாது.

2020 மார்ச் 13 முதல் பாடசாலைகள் மூடப்பட்டன. 20ஆம் திகதி பின்னேரம் ஊரடங்கு. கொழும்பில் அது ஏறக்குறைய மே மாத இறுதிவரை நீண்டது. அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்து அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. செவ்வாய்க்கிழமைகளில் எல்லா மதத்தாரும் மெழுகுதிரியோடு போகும் கோயில் அது. அந்தச் சத்தத்தைக் கேட்ட பிள்ளைகள்தான் என் வகுப்பில் இருந்தார்கள். அவர்களிடம் மறுபடியும் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கச் சொன்னோம்.

நாட்டாமிக்கு நாள் கூலி. புறக்கோட்டை மூடிய அன்றைக்கே அடுப்பு அணைந்தது. அரசாங்கம் 5,000 ரூபா கொடுத்தது, எல்லோருக்கும் கிடைக்கவில்லை. வாடகை வீட்டில் பதிவு இல்லாதவர்களின் பெயர் கிராம சேவகரின் பட்டியலில் இல்லை. ஏப்ரலில் பக்கத்திலே, வாழைத்தோட்டத்துப் பண்டாரநாயக்க மாவத்தையில் தொற்று கண்டு, குடும்பம் குடும்பமாகப் பஸ்களில் ஏற்றித் தனிமைப்படுத்தல் நிலையங்களுக்குக் கொண்டு போனார்கள். ஜூலைத் தொடக்கத்தில் ஜிந்துப்பிட்டியின் முறை. ஒருவருக்குத் தொற்று என்ற செய்தி, அயலில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பஸ்ஸில். அன்றிரவு எல்லாத் தொலைக்காட்சியும் எங்கள் இடத்தின் பெயரைச் சொன்னது. ஆடிவேலுக்கும் சொல்லாத பெயர், சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் திருவிழாவுக்கும் சொல்லாத பெயர். அடுத்த நாள் காலை வேலைக்குப் போன பெண் பிள்ளைகளிடம், "உங்கட அட்ரஸ் ஜிந்துப்பிட்டியா? ரெண்டு கிழமை வரவேண்டாம்" என்றார்கள். அதில் ஒருத்தி என் பழைய மாணவி. அவள் அழவில்லை. "அட்ரஸ எப்பிடி டீச்சர் கழுவுறது?" என்று கேட்டாள்.

ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையிலும் பேலியகொடை மீன் சந்தையிலும் தொற்று பெருகியபோது, கொழும்பின் வடக்கு முழுவதும் அடைபட்டது. முகத்துவாரம், மட்டக்குளி, கிராண்ட்பாஸ், கொட்டாஞ்சேனை என்று பொலிஸ் பிரிவு பிரிவாக. அதே ஒக்டோபர் 12 தொடங்கி நவம்பர் முதல் வாரம்வரை உயர்தரப் பரீட்சை நடந்தது. சுற்றிலும் ஊரடங்கு, அனுமதி அட்டையே பாஸ். தமிழ்ப் பாடத்துக்கு உட்காரப் போன பிள்ளைகளைத் தடைக்கட்டை வரைக்கும் தாய்மார் கொண்டுவந்து விட்டார்கள்.

வகுப்பு வட்ஸ்அப்புக்கு மாறியது. வீட்டுக்கு ஒரு ஃபோன், அதுவும் தகப்பனுடையது. டேட்டா முடிந்தால் அந்த வாரம் பிள்ளை இல்லை. ஸூம் எங்கள் பிள்ளைகளில் பலருக்குக் கட்டாது. ஆகவே நான் குரலில் பாடம் பதிந்து அனுப்பினேன். அவர்கள் கொப்பியில் எழுதி, பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினார்கள். இரவில் எழுதிய பக்கங்கள் மஞ்சள் வெளிச்சத்தில் வரும். கொப்பிக்குப் பின்னால் தூங்குகிற தம்பியின் கால் தெரியும்.

முதலில் "கொரோனாவின் தாக்கங்கள்" என்று தலைப்புக் கொடுத்தேன், பரீட்சைக்கு அது வரும் என்பதால். வந்தவை எல்லாம் ஒரே கட்டுரை. உலகையே ஆட்டிப்படைக்கும் கொடிய வைரஸ், சீனாவின் வூஹான் நகரில் உருவெடுத்து, மனித குலத்தைக் கதிகலங்க வைத்து. அவர்கள் பொய் எழுதவில்லை. பத்திரிகையும் தொலைக்காட்சியும் சொன்ன தமிழை அப்படியே எழுதினார்கள். ஆனால் அந்தக் கட்டுரையில் ஜிந்துப்பிட்டி இல்லை. அறிக்கைகளில் இல்லாமற்போன சனம், தங்கள் பிள்ளைகளின் கட்டுரையிலும் இல்லாமற்போகிறது என்று எனக்குப் பட்டது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அடுத்த வாரம் வைரஸ், உலகம், மனித குலம் மூன்று சொல்லையும் பாவிக்கக்கூடாது என்றேன். "உங்கள் வீட்டில் இந்த மாதம் இடம் மாறிய ஒரு பொருளைப் பற்றி எழுதுங்கள்" என்றேன். முன்னுரை வேண்டாம், முடிவுரை வேண்டாம், ஒரு பக்கம் போதும்.

வந்த பக்கங்களைச் சொல்கிறேன், பெயர்களைச் சொல்லமாட்டேன். தகப்பனின் தள்ளுவண்டி புறக்கோட்டையில் சங்கிலி போட்டு நிற்கிறது, அதன் சாவி இப்போது சாமிப்படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது என்று ஒரு பையன் எழுதினான். ஒரு பிள்ளை தாயின் தோட்டைப் பற்றி எழுதினாள்: காதில் இருந்தது அடகுக்கடைக்குப் போனதையல்ல, அடகுக்கடை மூடியிருந்ததால் போக முடியாமல் டப்பாவில் இருந்ததை. "அம்மா ஒரு நாளைக்கு ரெண்டு தரம் டப்பாவத் திறந்து பாப்பா" என்று. நகைப் பட்டறைக்காரரின் மகன், பட்டறை பூட்ட முன் தகப்பன் தரைத் தூசியை முழுக்கக் கூட்டி டின்னில் கொண்டு வந்ததை எழுதினான். நகை வேலைக்காரர் வீட்டில் அந்தத் தூசி குப்பை அல்ல. அராவும்போது பறந்த பொன் அதில் இருக்கும். தகப்பனும் மகனும் இரவில் வெள்ளைத் துணியை விரித்து அதை அரித்துப் பார்த்தார்கள். எவ்வளவு கிடைத்தது என்று அவன் எழுதவில்லை. விளக்கைத் தாழ்த்திப் பிடித்த தன் கை வலித்ததை எழுதியிருந்தான். பதினைந்து வயதில் எதை எழுதவேண்டும் எதை விடவேண்டும் என்று அறிந்திருந்தான். நான் அதைப் பல முறை வாசித்தேன்.

ஒரு பிள்ளை கதவைப் பற்றி எழுதினாள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கதவில் ஒட்டிய தாளைப் பற்றி. தன் பாட்டி சிறுவயதில் அம்மாள் வருத்தம் வந்தபோது வாசலில் வேப்பிலை கட்டியிருந்ததைச் சொன்னாளாம். எங்கள் பக்கத்தில் சின்னம்மைக்கு இன்றும் அப்படித்தான். வேப்பிலை தொங்கினால் யாரும் உள்ளே வரமாட்டார்கள், இளநீரையும் மோரையும் வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள், முத்துமாரியம்மன் கோயிலில் நேர்ந்துகொள்வார்கள், தண்ணீர் வார்த்த பிறகே பழையபடி. வேப்பிலையிலும் தாளிலும் விலகி இருப்பதும் ஒன்றுதான், கிருமி பரவாமல் காப்பதும் ஒன்றுதான். "வேப்பில கட்டின வீட்டுக்கு சாப்பாடு வந்திச்சி, தாள் ஒட்டின வீட்டுக்கு ஒண்ணும் வரல்ல" என்று அவள் எழுதிய வரிக்கு மேல் நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை. உண்மையில் சாப்பாடு வந்த வீடுகளும் இருந்தன. பள்ளிவாசலும் கோயிலும் தேவாலயமும் பொதி கட்டின. இருந்தாலும் அந்தப் பிள்ளையின் முடுக்கில் அவள் கண்டது அது.

துயரமானவையும் வந்தன. ஒரு மாணவனின் தகப்பன் ஒன்பது நாள் காய்ச்சலில் ஆஸ்பத்திரிக்குப் போனார், திரும்பவில்லை. மூடிய பெட்டி, தூரத்தில் நின்று பார்க்க இரண்டு பேர், வாய்க்கரிசி இல்லை, கொள்ளிக்குடம் இல்லை. மகன் எனக்குக் கட்டுரை அனுப்பவில்லை. தகப்பனின் ஃபோனிலிருந்துதான் அவன் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தான். ஒரு மாதம் கழித்து அதே எண்ணிலிருந்து ஒரு பக்கம் வந்தது. திரையில் தகப்பனின் படம், கீழே மகனின் எழுத்து. கொள்ளி வைக்க முடியாத தான், எட்டாம் நாள் தகப்பனுக்குப் பிடித்த மாசிச் சம்பலைத் தானே இடித்துப் படைத்ததைச் செய்முறையாகவே எழுதியிருந்தான்: மிளகாய் எத்தனை, வெங்காயம் எவ்வளவு, தேசிப்புளி கடைசியில். ஓர் இடத்தில்கூடக் கவலை என்ற சொல் இல்லை.

முஸ்லிம் பிள்ளைகளுக்கு வேறொரு துயரம் சேர்ந்தது. 2020 ஏப்ரல் 11இல் வந்த வர்த்தமானி, கொரோனாவால் இறந்தவர்களைக் கட்டாயம் எரிக்கவேண்டும் என்றது. நல்லடக்கத்தைத் தடுக்க மருத்துவ ஆதாரம் இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் சொல்லியும் அரசு கேட்கவில்லை. டிசம்பரில் பிறந்து இருபதே நாளான ஒரு குழந்தையையும் எரித்தார்கள். 2021 பெப்ரவரி இறுதியில்தான் ஆணை மாறியது, பிறகு கிழக்கில் ஓட்டமாவடியில் புதைக்க இடம் கொடுத்தார்கள். அந்த ஓராண்டில் என் மாணவி ஒருத்தியின் மூத்தவாப்பா இறந்தார். அவள் ஒரு வாரம் தாளில் திகதி மட்டும் எழுதி அனுப்பினாள். அடுத்த வாரமும் திகதி மட்டும். நான் ஒவ்வொரு தடவையும் "கிடைத்தது" என்று பதில் போட்டேன். வேறு எதுவும் கேட்கவில்லை. ஓட்டமாவடிச் செய்தி வந்த வாரம் அவள் மூத்தவாப்பாவின் செருப்பைப் பற்றி எழுதினாள், நான்கு பக்கம். தொழுகைக்குப் போகும் முன் அதை அவர் எந்தப் பக்கம் பார்க்கக் கழற்றி வைப்பார் என்பதில் தொடங்கி.

இவற்றுக்கு நான் புள்ளி போடவில்லை. எழுத்துப்பிழை மட்டும் திருத்தினேன். ல, ள, ழ சரியாக இருக்கவேண்டும் என்பதில் நான் அந்த நாட்களிலும் விட்டுக்கொடுக்கவில்லை. சாவைப் பற்றி எழுதினாலும் பிழையில்லாமல் எழுதவேண்டும் என்று நான் நம்புகிறேன். அது இறந்தவருக்குச் செய்யும் மரியாதை. பிள்ளைகளும் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். செருப்புக் கட்டுரையில் நான் வட்டமிட்ட இரண்டு சொற்களை அந்தப் பிள்ளை திருத்தி, முழு நான்கு பக்கத்தையும் மறுபடி எழுதி அனுப்பினாள். நம்பிக்கை என்று எனக்கு அந்தக் காலத்தில் ஏதாவது கிடைத்தது என்றால் அந்த மறுபிரதிதான். எழுதியதைத் திருத்தி எழுதுகிற பிள்ளை, அதை யாராவது ஒரு நாள் வாசிப்பார்கள் என்று நினைக்கிறாள்.

இலங்கையில் 16,000க்கும் மேற்பட்டவர்கள் கொரோனாவில் இறந்தார்கள் என்பது அரசாங்கக் கணக்கு. அது அறிக்கையில் இருக்கும், 1914இன் நிரல்போல. இந்த முறை அதற்குப் பக்கத்தில் வைக்க எங்களிடம் கொப்பிகள் இருக்கின்றன. ஃபோனில் வந்த படங்களை ஒன்றாக்கி, பாடசாலை திறந்த பிறகு பிள்ளைகளிடமிருந்து கொப்பிகளையே கேட்டு வாங்கினேன். சிலர் தரவில்லை, அது அவர்களுடையது. சிலர் கொப்பியின் மிச்சப் பக்கங்களில் கணக்குப் போட்டிருந்தார்கள். 2022இல் பொருளாதாரம் விழுந்து கடதாசியே கிடைக்காமல், மார்ச்சில் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சை தள்ளிப்போனபோது, கொப்பி ஒன்றின் விலை ஒரு நாள் கூலியைக் கடித்தது. அப்போதும் எழுதினார்கள், பழைய கலண்டர்களின் பின்பக்கத்தில். கலண்டர் தாள் வழுக்கும், மை ஊறாது, பென்சில்தான் பிடிக்கும். ஆடிவேல் படம் போட்ட ஒரு கலண்டரின் பின்னால் காஸ் வரிசையைப் பற்றிய ஒரு நல்ல கட்டுரை இருக்கிறது.

இவற்றைப் புத்தகமாக்கச் சொல்லிச் சிலர் கேட்டார்கள். ஆக்குவோம். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பிளேக்கின் கடைசி ஆண்டுகளில் பிறந்தவர்களும், அதைக் கண்ட தாய் தகப்பன் சொல்லக் கேட்டவர்களும் ஜிந்துப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். தொண்ணூறை நெருங்கியவர்கள். இந்தத் தவணை என் வகுப்புக்கு வேறு தலைப்பு இல்லை: ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பெரியவரிடம் போய், உங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் எலி செத்தால் என்ன செய்தார்கள், அரிசி எங்கே இருந்தது, மண்டபத்தில் தாத்தாவை எத்தனை நாள் வைத்திருந்தார்கள் என்று கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொண்டு வரவேண்டும். முதல் தொகுதி வந்திருக்கிறது. ஒரு பாட்டி, தன் அம்மா செத்த எலியைக் கையால் தொடாமல் இடுக்கியால் தூக்கி மண்ணெண்ணெய் ஊற்றி எரித்ததையும், அதன் பிறகு அந்த இடுக்கியை அடுப்பில் பாவிக்கவே இல்லை என்பதையும் சொல்லியிருக்கிறார். எழுதிக்கொண்டு வந்த பையனைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், அந்த இடுக்கி பிறகு எங்கே போனது என்று கேட்டு வரச் சொல்லி.